எட்டாந் திருவிழா லைவ்

— அந்தச் சத்தத்த மட்டும் எடுத்திரு மக்கா. பாட்டு கெடக்கட்டும். ஒனக்க பாட்டோட எனக்கு ஒரு கோவமும் இல்ல.

— செசிலிக்கா, மொதல்ல இரிங்க. இந்த வெயில்ல நடந்தா வந்திய?

— பஸ்ஸுலதான் ஏறுனேன். டிரைவரு அதையே போட்டான். ஒனக்க சாக்ஸபோன் மேல மேல ஏறுது, அப்பம் பாட்டுக்குள்ள நான் கத்துறேன். பஸ்ஸு பூரா எனக்க கூட சேந்து கத்துது, கேட்டியா. கைப்பிள்ளைய மடியில வச்சிருந்தவளும் கத்துறா. பாதி வழியில எறங்கி நடந்துட்டேன்.

— அவங்களுக்குத் தெரியாதுக்கா. கூட்டத்துல ஆரோ ஒரு பொம்பிள சந்தோசத்துல கூவுறான்னு நெனைக்காங்க.

— நீ சொல்லலாம்லா?

— சொல்லாம இருப்பனா? கொச்சிக் கம்பெனிக்காரன்ட்ட ரெண்டு தடவ சொன்னேன். அந்தக் கத்துதான் பாட்டே, அது இல்லன்னா உங்க ஜாஸ் மியூசிக்க ஆரு கேப்பான்னு கேக்கான். எழுதிக் குடுத்தாச்சுக்கா. இனி அது எனக்க பாட்டு இல்ல.

— ஊதுனது நீ, கத்துனது நான். பின்ன ஆருக்க பாட்டு?

— சத்தியமா எனக்கே தெரியல்ல. நானும் நௌஷாதும் ராஜமணியும் பத்து வருசம் வாசிச்சோம். நாப்பது பேரு சேந்தாப்புல உக்காந்து கேட்டதில்ல. திருவிழா மேடையில வாசிச்சத லைவா பிடிச்சுப் போட்டோம். இப்பம் கல்யாண வீட்டுல போடுறான், ஆட்டோவுல போடுறான், துபாய்ல ரூமுக்கு ரூமு ஓடுது. ஜாஸுன்னா திங்கதா உடுக்கதான்னு கேக்கவனும் தாளம் போடுறான்.

— அப்பம் ஒண்ணும் முடியாதுன்னு சொல்லுற.

— கத்து இல்லாம ஒரு மிக்ஸ் நானே போட்டுப் பாத்தேன். அன்னைக்கே கரிச்சுக் கொட்டிட்டானுவ. பொம்பிளச் சத்தம் எங்கலேன்னு கேட்டு, பழசத்தான் திரும்ப அனுப்பிட்டுக் கெடக்கானுவ. ஊரு ஒலகத்துல உள்ள போனுல எல்லாம் கெடக்கு. எதுலன்னு போயி அழிக்க?

— எனக்க மவ அபினாவுக்கு ஸ்கூல்ல ஆண்டுவிழா வருது.

— அவ ஆடுறாளா?

— முன்வரிசையில. ஒனக்க பாட்டுக்குத்தான். அந்த எடம் வரும்பம் எல்லாரும் ஆட்டத்த நிறுத்தணுமாம், ஒரு பிள்ள மட்டும் கத்தணுமாம். மத்தப் பிள்ளையளுக்கு வரல்ல. இவளுக்கு அச்சு அசலா வருதுன்னு டீச்சருக்கு சந்தோசம் தாங்கல்ல. வராம இருக்குமா மக்கா? எனக்க தொண்ட இல்லியா அது.

— மாதாவே.

— வீட்டுல அப்பா படத்துக்கு முன்னால நிண்ணு பழகுறா. சரியா இருக்காம்மான்னு கேக்கா.

— நீங்க என்ன சொன்னிய?

— சரியா இருக்குட்டின்னு சொன்னேன். ஏழு வயசுப் பிள்ளையிட்ட வேற என்ன சொல்ல? அடுக்களையில போயி வாயில சேலையத் திணிச்சிட்டு அழுதேன்.

— நான் வேணும்னா டீச்சர்ட்ட வந்து பேசுறேன்.

— பேசுனா வேற பிள்ளைய கத்த வைப்பா. என்ன ஆறுதல்? நீ அன்னைக்கு நடந்தத நெனச்சுப் பாரு.

— அந்த நாளப் பத்தி வேண்டாம்க்கா.

— வேணும். ஒனக்கு பாதிதான் தெரியும். எட்டாந் திருவிழா நாளுல ஆரும் கடலுக்குப் போவ மாட்டாங்க. போட்ட வலைய மட்டும் எடுத்துட்டு வந்துருதேன்னு எனக்க மரியஜான் போனாரு. ஆறு கடல்ல சேருற பொழிமுகத்துல வள்ளம் கவுந்துட்டு. கவுந்த வள்ளத்தப் பிடிச்சிட்டுக் கெடக்காரு, கரையில நிண்ணு நான் கண்ணால பாக்கேன். கூட்டமணி அடிச்சா நம்ம ஊருல என்ன செய்வாங்க?

— சோறு தின்னுட்டு இருக்கவனும் கைய ஒதறிட்டு கடலுக்கு ஓடுவான்.

— அந்த மணிய அடிக்கத்தான் கோயிலுக்கு ஓடுனேன். மணி ஒசக்க தொங்குது, கயிறக் காணல்ல. கல்ல எடுத்து எறிஞ்சேன், எட்டல்ல. ஆம்பிளையளு எல்லாரும் ஒனக்க மேடைக்கு முன்னால ஆடிட்டு நிக்கானுவ. ஸ்பீக்கர் சத்தத்துல ஆருக்கு எது கேக்கும்? கூட்டத்துக்குள்ள விழுந்து உயிரு போற கத்து கத்துனேன். அவங்க கை தட்டுனாங்க.

— நான் கண்ண மூடிட்டு வாசிச்சேன்க்கா. ஆரோ உற்சாகத்துல கூவுறாங்கன்னு அதுக்குப் பதில் வாசிச்சேன்.

— எத்தன நிமிசம் வாசிச்ச?

— பதினொண்ணு.

— பதினொரு நிமிசம் கழிச்சு வள்ளம் எறக்குனாங்க. போவும்பம் கவுந்த வள்ளம் மட்டும் கெடந்தது.

— என்ன அடிச்சிருங்கக்கா. கொன்னு போடுங்க.

— ஒன்ன எதுக்குலே? ஒனக்கு என்ன தெரியும்? கோயில் மணிக்குப் பொறுப்பு ஜெபமணி. திருவிழா குடியில கயித்த எங்க தொலச்சானோ. ஊரு கூட்டத்துல கேட்டதுக்கு, தப்பு எனக்கதுதான்னு தலையத் தொங்கப் போட்டுட்டு நிண்ணான். எல்லாருக்க முன்னாலயும் அவனுக்க மூஞ்சில துப்புனேன். கோயில் வேல போச்சு, இப்பம் ஆரல்வாய்மொழியில கரண்டு எடுக்க காத்தாடிக்குக் காவலு நிக்கான். சாவும்பமும் அவன மன்னிக்க மாட்டேன்.

— ஜெபமணி அண்ணன் அன்னைக்கு ஒரு சொட்டு குடிக்கல்லக்கா.

— அது ஒனக்கு எப்படித் தெரியும்?

— திருவிழாவுல வாறவன் போறவன் எல்லாம் மணிய இழுத்துட்டுப் போவான், ரெக்கார்டுல அது விழப்படாதுன்னு அவருக்க காலப் பிடிச்சுக் கெஞ்சி, அந்தக் கயித்த அவுத்துட்டுப் போனது நான்.