துருக்கிக்காரரின் முதல் ஆட்டம்

சென்ற சனிக்கிழமை காலை, தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் ரயிலில் என் எதிரே கம்பெனிச் சீருடையில் இருவர். முழங்காலில் கட்டுப் போட்டிருந்தவர், இனி ஆட முடியாததால் கம்பெனி கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர் ஆகியிருந்தார். மாலையில் முதல் ஆட்டம். பக்கத்தில் இருந்த, அதே அணியில் ஆடும் நண்பரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

“துருக்கிக்காரரு ஒருத்தரு, ஃபுட்பால் பிளேயரு, தான் ஆடின கிளப்புக்கே கோச்சா வந்தாரு மச்சான். மொத மேட்ச்லயே யாரை வெளிய உக்கார வச்சாரு தெரியுமா? ஒரே ரூம்ல தங்கின ஃப்ரெண்ட.”

“ஃப்ரெண்டயேவா? இன்னா மனுசன்டா.”

“நேரா போய் மூஞ்சியப் பார்த்து சொன்னாராம்.”

“யப்பா. பெரிய ஆளுதான்.”

ஊரப்பாக்கம் தாண்டியதும் நண்பர் அவர் பக்கம் திரும்பினார்.

“டேய், இன்னிக்கு நான் டீம்ல கீறனா?”

கட்டுப் போட்டவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“அந்தாளு எப்படித்தான் வாயத் தொறந்து சொன்னாரோ, மச்சான்.”

“சரி வுடு. பெஞ்சுல உன் பக்கத்துல எடம் போடு.”