பதினாலு எம்.எம். பிட்

ஐயா, டிரில் மெஷின் வாங்குகிறவர்கள் மெஷினைத்தான் ஆயிரம் கேள்வி கேட்டு வாங்குவார்கள். பிட்டைக் கைக்கு வந்தபடி எடுத்துப் போவார்கள். வேலை செய்வது பிட்தான். செங்கல் சுவருக்குச் சும்மா சுற்றினாலே போதும், சிவப்புத் தூள் கொட்டும். கான்கிரீட்டுக்கு நுனியில் கார்பைடு வைத்த பிட் வேண்டும். சுற்றும்போதே சுத்தியல் போல அடியும் விழ வேண்டும். இருபத்திரண்டு வருடமாக எனக்குச் சோறு போடுவது இதுதான்.

என் தங்கைக்கும் இதெல்லாம் அத்துப்படி. அப்பா அம்மா போனபோது அவளுக்குப் பதினொரு வயது. நான் ஏணியில் நின்று "எட்டு" என்றால் எட்டு எம்.எம். பிட்டை எடுத்துத் தருவாள், "பத்து" என்றால் பத்தை. தப்பாக எடுத்தால் எனக்குப் பிடிக்காது என்று சீக்கிரமே கற்றுக்கொண்டாள்.

பெரியவளானதும் அவள் அறைக்கு வெளிப்பக்கமாக ஒரு தாழ்ப்பாள் வைத்தேன். வேலைக்குப் போகும்போது போடுவேன், வந்ததும் திறப்பேன். காலம் அப்படிக் கெட்டுக் கிடக்கிறது. அவளுக்கு இருபத்து மூன்று வயதில், ஜன்னல் கம்பியை அறுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று வருடம் தேடி, ஐந்தாம் மாடியில் அவள் இருந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். அதற்குள் கல்யாணமும் செய்திருந்தாள். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவர். தாழ்ப்பாள் கதையை அவரிடம் அவள் சொல்லவே இல்லை போலிருக்கிறது.

"உள்ள வாங்க மச்சான். எத்தனை நாளைக்குத்தான் அண்ணனும் தங்கச்சியும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருப்பீங்க?" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

தங்கை தண்ணீர் கொண்டு வந்தாள். கை நடுங்கிப் பாதி தரையில் கொட்டியது. அடுத்த முறை போனபோது அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, அவர் சட்டையைக் கசங்கும்படி பிடித்துக்கொண்டிருந்தாள். சொந்த வீட்டில் ஒரு பெண் இப்படி நடுங்கினால் ஏதோ காரணம் இருக்க வேண்டுமே. அந்த வீட்டில் அவளோடு இருந்தது அவர் ஒருவர்தான்.

மூன்றாம் முறை அவராகவே கேட்டார். "மச்சான், பால்கனிக் கைப்பிடி லேசா ஆடுது. உங்க கைவேலைதானே, கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை மெஷினோடு போனேன். பன்னிரண்டு எம்.எம். ஆங்கர் போல்ட்டுக்குப் பன்னிரண்டு பிட்தான் போட வேண்டும். அப்போதுதான் முடுக்கும்போது உள்ளே விரிந்து கான்கிரீட்டைக் கவ்வும். நான் பதினாலு போட்டேன். துளைக்குள் இருந்த தூளையும் ஊதாமல் விட்டேன். மேலே சிமெண்ட் குழைத்துப் பூசி மழுப்பினேன். கையால் ஆட்டினால் அசையாது. ஆள் பாரம் தாங்காது.

தங்கை டீ கொண்டு வந்தாள். தரையில் கிடந்த பிட்டைப் பார்த்தாள், பக்கத்தில் போல்ட் டப்பாவைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அளவு தப்பாது. முகம் வெளுத்துவிட்டது. நான் அவளையே பார்த்தேன். அவள் வாய் திறக்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

"முடிஞ்சுது மாப்பிள்ளை, சாஞ்சு பாருங்க" என்றேன்.

அவர் வந்தார். அவளுக்கு அப்போதுதான் குரல் வந்தது. "சாயாதீங்க. அது பதினாலு."

"என்னடி பதினாலு?" என்று சிரித்தபடி அவள் பக்கம் திரும்பி, முதுகைச் சாய்த்தார்.

கீழே சத்தம் கேட்பதற்குள் அவள் குளியலறைக்குள் ஓடித் தாழிட்டுக்கொண்டாள். நான் வெளியே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னேன். "பயப்படாதம்மா. இனிமே உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. கதவைத் தொற." உள்ளிருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை. வாயைப் பொத்திக்கொண்டிருந்திருப்பாள். தாழ்ப்பாளுக்கு நேராகப் பத்து எம்.எம். பிட்டை வைத்துக் கதவைத் துளைக்க ஆரம்பித்தேன். அவள் மிரளக் கூடாதே என்று மெதுவாகத்தான் ஓட்டினேன். நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்தபோதுதான் அலறினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள்.

ஆமாம் ஐயா, தெரிந்தேதான் பதினாலு போட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவளுடைய வாக்குமூலத்தில், சின்ன வயதிலிருந்தே என்னைக் கண்டால்தான் பயம் என்று இருப்பதாகச் சொல்கிறீர்களே, அதை மட்டும் நம்பாதீர்கள். அதிர்ச்சியில் ஏதோ உளறியிருக்கிறாள். என்னைப் பத்து நிமிடம் அவளோடு தனியாக விடுங்கள். மாற்றிச் சொல்வாள்.