மழித்த முன்னங்கால்

இந்தக் காலத்தில் எந்த டாக்டரும் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. ரத்தத்தை உறிஞ்சி மெஷினுக்குள் விட்டு, அது சொல்வதை வந்து நம்மிடம் சொல்கிறார்கள். நாய்க்கும் இதே கதைதான்.

சின்னு என் மகளின் நாய். புருஷனைப் பறிகொடுத்த பிறகு அவள் வாய்விட்டுப் பேசியது அதனிடம் மட்டும்தான். இருமுகிறதே என்று நாய் டாக்டரிடம் கூட்டிப்போனோம்.

"ரத்தத்துல வெள்ளை அணு தாறுமாறா ஏறியிருக்கு பெரியவரே. நெஞ்சுக்குள்ள கட்டி இருந்தாலும் இப்படி வரும். இன்னொரு தடவை ரத்தம் பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா படம் எடுத்து, கட்டியை அறுத்துடலாம். பொழைச்சுக்கும்."

"இருமலுக்கு நெஞ்சைப் பொளக்கணுமா? நல்லா இருக்குய்யா உங்க வைத்தியம்."

"அப்பா, சும்மா இருங்கப்பா," என்றாள் மகள்.

சோதிக்காமல் நான் யாரையும் நம்புவதில்லை. மறுமுறை அவளுக்கு வேலை இருந்தது, நான் போனேன். நான் காவல் இருக்கும் மரக்கடையில், சின்னுவோடு ஒரே ஈற்றில் பிறந்த சண்டி இருக்கிறது. அச்சு அசல் அதே செவலை. அதைக் கூட்டிப்போனேன். போன தடவை ரத்தம் எடுக்க முன்னங்காலில் மழித்த அடையாளம் இதன் காலில் இல்லை. அதைக்கூட டாக்டர் கவனிக்கவில்லை. மற்ற முன்னங்காலில் மழித்து ரத்தம் எடுத்தார்.

வீட்டுக்கு வந்து, மகளுக்குச் சந்தேகம் வராதபடி சின்னுவின் அதே காலை என் சவர பிளேடால் மழித்தேன். அசையாமல் காலைக் கொடுத்தது.

ரத்தம் சுத்தம் என்று சொல்லி அனுப்பினார்கள். நாய் மாறியதுகூடத் தெரியாத டாக்டர் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். மகளோ சின்னுவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீங்க சொன்னதுதான்பா சரி," என்றாள். அவள் என்னிடம் அப்படிச் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு எப்படி வாயைத் திறப்பது?

சின்னுவுக்கு முகம் வீங்கியது. தின்றதெல்லாம் வெளியே வந்தது. மூச்சுக்குத் திணறும்போதெல்லாம், "டாக்டர்தான் ஒண்ணுமில்லேன்னுட்டாரே" என்று மகள் தடவிக்கொடுப்பாள். நான் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அவள் மடியிலேயே அது போனது.

மகள் டாக்டரிடம் போய், "ரத்தம் பார்க்கத் தெரியாத உனக்கெல்லாம் எதுக்குய்யா இந்தத் தொழில்?" என்று கத்திவிட்டு வெளியேறினாள். அவர் தலைகுனிந்து நின்றார். நான் பின்தங்கி, நாயை மாற்றிக் கொண்டுவந்ததைச் சொன்னேன்.

"ரெண்டு நாய்க்கும் உள்ளதைத்தானே சொன்னேன் பெரியவரே?" என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மகள் தெருமுனையில் காத்திருந்தாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் இருக்கிறது என்றார், பிறகு இல்லை என்றார். அப்படிப்பட்ட ஆளை நம்பி ஒரு உயிரை எப்படி ஒப்படைப்பது?