டம்ளரை இன்ஜின் மேல வை

மச்சினன்: …இல்ல மாமா, கையை எடுங்க. நீங்க எதையும் தொடாம இருந்தாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

மாமா: என் கம்ப்யூட்டர்டா அது!

மச்சினன்: உங்களுதுதான். நான் பஸ் டெப்போவுக்கு வந்து இன்ஜின்ல கையை விட்டா நீங்க சும்மா இருப்பீங்களா?

மாமா: கையை ஒடிச்சிருவேன்.

மச்சினன்: அதேதான். சரி, ஒழுங்கா சொல்லுங்க. வீடியோ கால் எப்ப கட் ஆகுது?

மாமா: எப்பவும்தான்.

மச்சினன்: அது எப்படி? நேத்து ராத்திரி அக்கா இதே கம்ப்யூட்டர்ல எங்க வீட்டோட ஒன்றரை மணி நேரம் பேசினா. ஒரு தடவைகூட நிக்கலையே.

மாமா: உன் அக்கா பேசும்போது நிக்கிற தைரியம் எனக்கே கிடையாது மாப்ள. கம்ப்யூட்டருக்கு எங்கேருந்து வரும்?

மச்சினன்: சிரிக்காதீங்க, இது விஷயம். அக்கா பேசினா நிக்கல. டெப்போ கால் மட்டும் விழுது… ஏன்?

மாமா: அதைச் சொல்லத்தானே நீ வந்திருக்க?

மச்சினன்: நான் எங்க வந்தேன்? அக்கா வரச் சொன்னா. நீங்க நாலு நாளா வாயே திறக்கலையாம்.

மாமா: உனக்குக் கடையில ஆயிரம் வேலை இருக்கும்னுதான்…

மச்சினன்: ம்ம். அந்தக் கால்ல என்னதான் நடக்குது? ஃபிட்டர் என்ன பண்ணுவார், நீங்க என்ன பண்ணுவீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.

மாமா: என்ன பெரிய… எனக்கு முட்டி போனதுலேருந்து டெப்போவுக்குப் போறதில்ல. ஃபிட்டர் கூப்பிடுவான். இன்ஜினை ஓடவிட்டு போனைக் கிட்டக் காட்டுவான். நான் கேட்டு, இன்ன பழுது, இதைக் கழட்டுன்னு சொல்லுவேன். முப்பது வருஷமா இதுதானே என் பொழப்பு.

மச்சினன்: தெரியுமே. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எங்கப்பா ஸ்கூட்டர் வாசல்ல நுழையும்போதே…

மாமா: கார்புரேட்டர் அடைப்பு. உள்ள உக்காந்தபடியே சொன்னேன்.

மச்சினன்: அதைக் கேட்டு மயங்கித்தான் பொண்ணையே குடுத்தார் மனுஷன்!… இருங்க, இருங்க. கிடைச்சுது.

மாமா: என்னது?

மச்சினன்: விழுந்த கணக்கெல்லாம் கம்ப்யூட்டரே குறிச்சு வச்சிருக்கு. செவ்வாய்க்கிழமை பதினொன்னு நாலு. அப்புறம் பதினொன்னு பத்தொம்பது. புதன்கிழமை மூணு தடவை. எல்லாத்துக்கும் ஒரே காரணம் போட்டிருக்கு. சவுண்ட் டிரைவர்.

மாமா: இங்கயும் பழியை டிரைவர் தலையிலதான் போடுவீங்களா?

மச்சினன்: இந்த டிரைவர் காக்கி போடாது மாமா. உள்ள இருக்கிற ஒரு புரோகிராம். அது இருந்தாத்தான் ஹெட்போன்ல சத்தம் வரும். அது படுத்தா காலும் சேர்ந்து படுத்துடும்.

மாமா: அப்ப அதைத் தூக்கிட்டு வேற போடு.

மச்சினன்: போடலாம். ஆனா பாருங்க, இது நல்ல டிரைவர். போன வருஷம் நானே போட்டது. நல்லா இருந்தது ஏன் திடீர்னு படுக்கணும்? யாரோ போட்டு அழுத்துறாங்க…

மாமா: நீ ஆராய்ச்சி பண்ணாம சட்டுனு முடி. மணி பத்தே முக்கால். பதினொன்னுக்குக் கால் வரும். பன்னெண்டு மணிக்கு அந்த வண்டி நாப்பது பேரை ஏத்திக்கிட்டு மலை ஏறணும். நான் விடுன்னாத்தான் விடுவாங்க.

மச்சினன்: கட் ஆயிட்டா?

மாமா: இன்னொரு தடவை கட் ஆனா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு மேனேஜர் சொல்லிட்டார்… சொல்லிட்டுப் போறார்.

மச்சினன்: என்ன இவ்வளவு சாதாரணமா… மாமா, இது என்ன?

மாமா: எது?

மச்சினன்: இந்த ஆரஞ்சுப் படம். சத்தத்தைக் கூட்டுற புரோகிராம். இது எப்படி உள்ள வந்துது?

மாமா: எனக்கென்ன தெரியும்? தானா வந்திருக்கும்.

மச்சினன்: தானா வர இதென்ன கரப்பான் பூச்சியா? ஒருத்தர் தேடி, இறக்கி, நாலு இடத்துல சரி சரின்னு அமுக்கினாத்தான் வரும். வந்த நாள்… இந்தத் திங்கட்கிழமை. காலையில அஞ்சு நாப்பது. அந்நேரம் வீட்ல யார் முழிச்சிருப்பா?

மாமா: …உங்க அக்கா.

மச்சினன்: அக்கா? அஞ்சு நாப்பதுக்கு? கேட்டா அவளே விழுந்து விழுந்து சிரிப்பா.

மாமா: சரிடா, இருக்கட்டும். அதனால என்ன இப்ப?

மச்சினன்: என்னவா! சத்தத்தை அஞ்சு மடங்கு ஏத்தி வச்சிருக்கு. சாதாரணப் பேச்சுன்னா டிரைவர் எப்படியோ சமாளிச்சுக்கும். ஃபிட்டர் ஆக்ஸிலேட்டரை மிதிச்சார்னா? பஸ் இன்ஜின் உறுமல், அஞ்சு மடங்கு! எந்த டிரைவர் தாங்கும்? அதான் டெப்போ கால் மட்டும் விழுது. அப்பாடா… இதுக்குத்தான் மண்டையை உடைச்சுக்கிட்டேன். எடுத்துடறேன்.

மாமா: இரு, இரு… அதை எடுக்காம சரி பண்ண முடியாதா?

மச்சினன்: அதுதானே பழுதே!

மாமா: கொஞ்சம் குறைச்சு வச்சுக்கலாமே. மூணு மடங்கு?

மச்சினன்: எடுத்தாச்சு. டிரைவரையும் புதுசாப் போட்டாச்சு… மாமா, ஏன் முகம் இப்படிப் போச்சு?

மாமா: ஒண்ணுமில்ல. முட்டி.

மச்சினன்: கால் வருது பாருங்க.

மாமா: வருதா? எங்க?

மச்சினன்: இவ்வளவு நேரம் மணி அடிச்சுதே… சரி, எடுங்க. ஹெட்போன் வேணாம், ஸ்பீக்கர்லயே போடறேன். கட் ஆகுதான்னு நானும் பாக்கணும்.

ஃபிட்டர்: வணக்கம்ணே! இன்னைக்குப் படம் தெளிவா இருக்கே.

மாமா: மச்சினன் வந்து சரி பண்ணிட்டான். வண்டியை ஓடவிடு.

ஃபிட்டர்: ஓடுதுண்ணே.

மாமா: ஆ… மிதி. நல்லா மிதி.

மச்சினன்: பாத்தீங்களா! அசையல, விழல. ராஜா மாதிரி நிக்குது.

மாமா: டம்ளரை இன்ஜின் மேல வை.

மச்சினன்: டம்ளரா?

ஃபிட்டர்: தண்ணி டம்ளர் சார். ஒரு ஆறு மாசமா அண்ணன் அப்படித்தான். தண்ணியைக் காட்டணும்.

மச்சினன்: எதுக்கு மாமா?

மாமா: நீ சும்மா இரு. இன்னும் கிட்டக் காட்டு… தண்ணி அலையாம நிக்குது. இன்ஜின் நல்லா இருக்கு. சரி, வண்டியை…

மச்சினன்: மாமா, அந்தக் கீச்சு என்னது?

மாமா: எந்தக் கீச்சு?

மச்சினன்: இதோ வருதே! எலி கத்தற மாதிரி, மெல்லிசா. மிதிக்கும்போது நின்னு, விட்டதும் வருது. பஸ்ஸுல இது சகஜமா?

மாமா: …அது சும்மா. தூசியா இருக்கும்.

மச்சினன்: இப்ப வருதா?

மாமா: வருது, வருது.

மச்சினன்: மாமா… அவர் மறுபடி மிதிச்சுக்கிட்டிருக்கார். கீச்சு நின்னு அரை நிமிஷம் ஆச்சு. அந்தப் புரோகிராம் நீங்க போட்டதுதானே?

மாமா: …விட்டதும் வருதுன்னா சொன்ன? மெல்லிசா?

மச்சினன்: ஆமா.

மாமா: ஸ்டியரிங் பெல்ட். அது மலையில அறுந்தா ஸ்டியரிங் கல்லாட்டம் இறுகிடும். வளைவுல திருப்ப முடியாது… நாப்பது பேருடா.

மச்சினன்: சொல்லிடுங்க மாமா.

மாமா: சொன்னா இதோட எல்லாம் முடிஞ்சுது.

மச்சினன்: மாமா…

மாமா: தம்பி! ஃபிட்டர்! அந்த வண்டியை எடுக்காதே. ஸ்டியரிங் பெல்ட்டைக் கழட்டு. கண்டுபிடிச்சது நானில்ல, என் மச்சினன். எனக்கு… அந்த மாதிரி மெல்லிசான சத்தமெல்லாம் கேக்கறதில்லப்பா. ஆறு மாசமா. பேச்சு கேக்குது, உறுமல் கேக்குது, இது மட்டும் இல்ல. தண்ணி நடுங்கறதைப் பாத்துத்தான் சொல்லிட்டு இருந்தேன். கால் கட் ஆனா, இன்னைக்குத் தப்பிச்சோம்னு இருக்கும். எத்தனை வண்டியை விடுன்னு சொன்னேனோ… அவமானமா இருக்குப்பா. மேனேஜர்கிட்ட நானே சொல்லிடறேன்.

ஃபிட்டர்: அந்தப் பெல்ட்டை மாத்தக் காலையிலயே புதுசு எடுத்து வச்சாச்சுண்ணே. டம்ளர் கேட்ட முதல் நாளே எங்களுக்குத் தெரியும். நீங்க விடுன்னு சொன்ன ஒவ்வொரு வண்டியையும் நாங்க நாலு பேர் காதை வச்சுக் கேட்டுட்டுத்தான் கேட்டைத் திறந்தோம்… நீங்களா எப்ப சொல்லுவீங்கன்னுதான் தினம் இந்தத் தண்ணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.