தோளில் போட்ட பெல்ட்

ஐ.என்.ஏ. ஸ்டேஷனில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். டில்லி மெட்ரோவில் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்று நினைத்தார்களோ என்னவோ, குரலைக் குறைக்கவில்லை.

“அந்த கிளிப்பை வாங்கிக் குடுத்ததே நான்தான்க்கா,” என்றாள் இளையவள்.

“எந்த கிளிப்?”

“எங்க கார்ல சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற மோட்டர் கெட்டுப்போச்சு. மாட்டினா தானா இறுக்கும், எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டும். மாட்டலைன்னா பீப் பீப்னு கத்திக்கிட்டே இருக்கும். கரோல் பாக்ல ஒரு கிளிப் விக்கிறான். பெல்ட்டுக்குப் பதிலா அதைச் சொருகிட்டா சத்தம் நின்னுடும்.”

“போலீஸ் பிடிக்க மாட்டானா?”

“பெல்ட்டைச் சும்மா தோள்மேல போட்டுக்குவார். ஆக்சிடென்ட் அன்னிக்கும் அப்படித்தான் போனார்.”

மூத்தவள் கேட்டாள்: “உன் மாமியாருக்குத் தெரியுமா?”

“அன்னிக்குப் பால்கனியில நின்னு பார்த்தாங்க. பெல்ட் போட்டுட்டுத்தானே கிளம்பினான், அப்படியும் என் பிள்ளை போயிட்டானேன்னு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லி அழறாங்க. நானும் பக்கத்துல நின்னு, ஆமா அத்தைன்னு சொல்றேன்.”