சக்கரம் வெச்ச ஊடு

— இதுக்குப் பேரு ஊடா? ஏன்டா கங்கப்பா, எங்க ஊட்டுக் கோழி கூட இதுல படுக்காதுடா.

— படுக்காதுங்க சாமி. உங்க கோழிக்குக் கல்லுக் கட்டடம் இருக்குது.

— வாய் நீளுது. வெங்கடம்மா! அங்கயே நின்னுக்கினு என்ன பண்ற? கிட்ட வந்து பாரு. நம்ம பண்ணையாள் அரமனை கட்டியிருக்கறான். அரமனைக்குக் கீழ சக்கரம்!

— ஏங்க, தேரு மாதிரி இருக்குதுங்க.

— தேருல சாமி இருக்கும். இதுல இவன் இருப்பான். சர்க்கஸ்காரன் கரடிய அடைச்சுக்கினு வருவானே, அந்தக் கூண்டு இது. சக்கரம் ஏதுடா?

— சண்டை முடிஞ்சப்போ மிலிட்டரி கேம்ப்ல கழிச்சுப் போட்டதுங்க சாமி. பெங்களூருல தச்சு வேலைக்கு எடுபிடியா இருந்தேன் இல்லீங்களா, அந்த மேஸ்திரி எடுத்து வெச்சிருந்தாரு.

— பலகை?

— மிஷின் வர்ற பொட்டிங்க. புதுசா எழும்பற பேக்டரிங்களுக்கு சீமையில இருந்து வருது. மிஷினை எடுத்துக்கினு பொட்டிய வெளிய வீசிடறாங்க. கூரை தார் டின்னு. ரோடு போடறவங்க உட்டுட்டுப் போனத வெட்டி, தட்டி நெளிவெடுத்தேன்.

— கேட்டுக்கோ வெங்கடம்மா. ஊரான் வீசின குப்பை அல்லாம் பொறுக்கிக்கினு வந்து குடித்தனம் பண்ணப் போறான். இது என்னடா பலகையில கறுப்பா எழுத்து?

— இங்கிலீசுங்க. இந்தப் பக்கம் மேலன்னு எழுதியிருக்குதாம், மேஸ்திரி சொன்னாரு. பலகை நீளத்துக்கு வெச்சதுல தலைகீழா வந்துடுச்சு.

— வரும்டா. மேல இருக்கறத அல்லாம் கீழ தள்ளணும்னுதான உங்களுக்கு ஆசை.

— ஏங்க, கண்ணாடி சன்னல் வெச்சிருக்கறான் பாருங்க.

— பஸ்ஸு கண்ணாடிங்கம்மா. ஓரத்துல கீறல் உட்டுடுச்சுன்னு கழட்டிப் போட்டது.

— கண்ணாடி சன்னலு! எங்க ஊட்டுக்கே எங்க தாத்தா வெச்ச மரக் கம்பிதான். உனக்கு உள்ளார அவ்ளோ வெளிச்சம் எதுக்குடா? உம் பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கவா?

— ஆமாங்க சாமி.

— த்தூ!

— ஏம்பா கங்கா, நாராயணம்மா உள்ளார இருக்கறாளா?

— எங்க ஆளுங்க தெருவுக்குப் போயிருக்குதும்மா. வந்துடும்.

— ஏங்க, நான் ஒருதரம் எட்டிப் பாத்துட்டு வரேன்.

— தொடாத! அவங்க பொழங்கற எடம்.

— தொடலீங்க, எட்டித்தான் பாக்கறேன். அம்மாடியோ! இது என்னப்பா, பலகை செவுத்தோட செவுரா மடங்கிக்கினு போவுது?

— ராத்திரி எறக்கினா படுக்கைங்கம்மா. விடிஞ்சதும் தூக்கிக் கொக்கி மாட்டிட்டா நடமாட எடம். அடுப்பு அதோ பின்பக்கம், தகரத்துல மண்ணு பூசி வெச்சது. பொகை வெளியவே போயிடும். அது நாராயணம்மா ரோசனை.

— நம்ம சமையக்கட்டுல பொகை போக ஒரு சந்து இல்லீங்க. கண்ணு ரெண்டும்...

— உனக்கும் ஒண்ணு கட்டச் சொல்லட்டா? இவங்களோட சேந்து ஊரு ஊரா சுத்தறியா? வாய மூடிக்கினு நில்லு. ஏன்டா, என் நெலத்துல உங்களுக்குக் குடிசை இல்லியா? உங்கப்பன் அதுலதான் பொறந்தான், அதுலதான் செத்தான். உனக்கு மட்டும் என்னடா கொறஞ்சு போச்சு?

— போன வருஷம் அதுக்கு ஓடு போட்டேங்க சாமி.

— போட்டே. பிரிச்சேன். எங்க ஊட்டுக்கு நேரா நீ ஓட்டு ஊட்ல உக்காந்துக்குவியா? இன்னிக்கு ஓடு போடுவ, நாளைக்குச் செருப்பு மாட்டிக்கினு என் எதிர நடப்ப. அந்த ஓட்ட நான் என்ன தின்னுட்டனா? மாட்டுக் கொட்டாய்க்குத்தான் போட்டேன்.

— பாத்தேங்க. ஒழுவாம இருக்குது.

— இருக்கணும்டா. மாடு என்னுது.

— எங்களுக்கு மறுபடி கூரை மேய வைக்கோல் குடுக்கலீங்க. ஐப்பசி மழை புடிச்சிக்கிச்சு. புள்ள ராவெல்லாம் நனஞ்சிக்கினே கெடந்தது சாமி.

— அது ஜுரத்துல செத்துச்சு. ஊர்ல எத்தினி புள்ளைங்க சாவுது, அல்லாத்துக்கும் நானா ஜவாப்பு?

— நான் ஒண்ணும் சொல்லலீங்க.

— நல்லா சிரிக்கும் அந்தப் புள்ள.

— உன்னைக் கேட்டாங்களா வெங்கடம்மா? சும்மா இரு. டேய், ரோட்டோரம் எவனக் கேட்டு நிறுத்தின?

— ரோடு கெவர்மெண்டோடதுங்க. இந்தப் புளியமரமும் அவங்களுதுதான். இதுக்குக் கீழ உங்க நெலம் இல்லீங்க.

— ஓஹோ! சட்டம் பேசறியா? புளியமரத்தடியில உக்காந்துக்கினு என்னத்தடா திம்ப? புளியங்கொட்டையா?

— இங்க இருக்கப் போறதில்லீங்க. பெங்களூரு போறோம். கட்டட வேலை, மண்ணு வேலை அல்லாம் இருக்குது. எங்க வேலையோ அங்க நிறுத்திக்குவோம். அங்கயும் எவனாச்சும் கூரையப் பிரிக்க வந்தா, ஊட்டையே உருட்டிக்கினு போயிடுவோம்.

— உங்க தெரு ஆஞ்சப்பன் தம்பியும் இப்டித்தான் சுரங்க வேலைக்குப் போறேன்னு துள்ளிக்கினு போனான். என்ன ஆச்சு? இருமிக்கினு வந்து என் வாசல்லதான நின்னான்?

— நின்னாங்க. நீங்க உள்ளார உடல.

— ஏன் உடணும்? போனவன் போனவன்தான். ராகி முத்திப் போயி சாஞ்சு கெடக்குது, நாளைக்கு அறுப்பு. அதுக்குள்ள நீ கெளம்பிடுவ?

— கெளம்பறேங்க.

— கெளம்பு. ஒருத்தன் போனா என் களத்துல என்ன புல்லா மொளைக்கும்? தெருவுல எனக்கு வேற ஆளே இல்லியா? ஆமா, இதுக்கு மாடு எங்கடா?

— மாடு இல்லீங்க. சூளகிரி சந்தையில கேட்டுப் பாத்தேன். ஒருத்தரும் வாடகைக்கு உடல.

— எப்டிடா உடுவாங்க? நான்தான உடக் கூடாதுன்னு சொல்லி வெச்சேன். சக்கரம் இருக்குது, சன்னல் இருக்குது, மாடு மட்டும் இல்ல! நீயும் உம் பொண்டாட்டியும் நொகத்தடியில கழுத்த வெச்சுக்கினு இழுங்க. நான் பின்னால நின்னு சாட்டையால ஓட்டறேன்.

— ஏங்க, தெருப்பக்கம் இருந்து ஆளுங்க கூட்டமா வராங்க.

— வரட்டும். நான்தான் வரச் சொன்னேன். காலையிலயே உங்க ராமப்பன் கிட்ட சொல்லிட்டேன், தெருவுல இருக்கற ஆம்பளைங்க அல்லாரையும் கூட்டிக்கினு வாடா, இந்தக் கூண்டைத் தள்ளிக்கினு போயி ஏரியில உடணும்னு. கேட்டியா கங்கப்பா? வெளியாள் இல்ல. உங்க ஆளுங்க கையாலயே.

— கேட்டேங்க சாமி.

— கண்ணுல தண்ணி வரலியே? எங்க, ஒருதரம் கால்ல உழு, பாக்கலாம். ஏரி வேணாம்னு சொன்னாலும் சொல்லுவேன்.

— வேணாங்க சாமி. அவங்க தள்ளட்டும்.

— திமிரப் பாத்தியா வெங்கடம்மா?

— ஏங்க, பொம்பளைங்களும் வராளுங்க.

— வேடிக்கை பாக்க வருவாளுங்க.

— தலையில மூட்டைங்க. சட்டி, பானை, கோழி அல்லாம் தூக்கிக்கினு வராளுங்க. நாராயணம்மா முன்னால வரா.

— அறுப்பு முடியற வரைக்கும் வயலோட தங்கிக்கலாம்னு வராளுங்க. உனக்கு என்னாடி தெரியும்?

— ஆட்டையும் அவுத்துக்கினு வராங்க. நடக்க முடியாத கெழவனக் கூட ஒருத்தன் முதுவுல தூக்கிக்கினு...

— நொச்சு நொச்சுன்னு பேசாத. டேய் ராமப்பா! வந்துட்டியா? அப்டியே அல்லாரும் பின்னால போயி தோள் குடுங்கடா. கங்கப்பா, நீ என்னடா முன்னால போயி கயித்தப் புடிக்கற? உன் ஊட்ட நீயே முழுவடிக்கப் போறியா?

— வழி காட்டணும் இல்லீங்களா சாமி.

— காட்டு, காட்டு! உன்ன மாதிரி ஒரு முட்டாள நான் பாத்ததே இல்லடா. ம், தள்ளு! நவுருது பாரு. அப்டித்தான்! ரோட்ல ஏத்தி அந்தாண்ட திருப்பு. டேய்! ஏரி அந்தாண்டடா! எங்கடா போறீங்க? ராமப்பா! தள்ளத்தானடா உன்ன வரச் சொன்னேன்?

— தள்ளத்தாங்க சாமி வந்திருக்கறோம். பெங்களூரு வரைக்கும்.