கடைசிக் காட்சிக்கான தாளம்

எனக்குக் காது கொஞ்சம் கூர்மை. பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால், அது எவர்சில்வரா அலுமினியமா என்று சொல்லிவிடுவேன். அம்மா இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமையடிப்பார். இந்தக் காதை நம்பித்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

படத்தைப் பற்றிக் கேட்டீர்கள், வக்கீல் சார். பெரிய நடிகர்கள் கிடையாது, பெரிய கம்பெனி கிடையாது. எங்கள் பகுதியில் காலங்காலமாக இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கிளப்பிவிட்டுக் கண்ணாடி மாளிகை கட்டுகிறார்களே, அதுதான் கதை. இசை நான். பாட்டு வேண்டாம், இடிபடப்போகிற கட்டடங்களின் சத்தத்திலிருந்தே இசை வரவேண்டும் என்று இயக்குநரம்மாவுக்கு ஆசை. குழாய், கதவு, மாடிப்படி, தண்ணீர் மோட்டார் என்று எல்லாவற்றையும் பதிவு செய்து கோத்தேன். கடைசிக் காட்சிதான் கைக்கு வரவில்லை. காலியான கட்டடத்தில் யாரோ ஒருவர் இன்னும் போகாமல் இருக்கிற மாதிரி ஒரு தாளம் வேண்டும். பதினோரு விதமாகப் போட்டுக் காட்டினேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்குள்ள ஆளே இல்லையே" என்றார்.

நாலு மாதம் அந்த வார்த்தை என்னை அரித்துத் தின்றது.

நான் குடியிருந்த கட்டடத்தையும் அப்போது காலி செய்துகொண்டிருந்தார்கள். ஆறு மாடியில் மிச்சம் இரண்டே வீடு. ஐந்தாம் மாடியில் நான், எதிரே டெய்லர் அண்ணனும், நான் அக்கா என்று கூப்பிடுகிற அவர் மனைவியும். கட்டடக்காரர் வாயைத் திறந்து போ என்று சொல்லமாட்டார். சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரத்தை நிறுத்துவார். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிடும். மொட்டை மாடி அறையில் இருக்கிற இரும்புச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் அது மெல்ல அடுத்த மாடிக்கு இறங்கும். இரண்டு தடவை அண்ணனை நானே அப்படி இறக்கியிருக்கிறேன். "நீங்க இல்லேன்னா தம்பி, நான் இதுக்குள்ளயே குடித்தனம் பண்ணியிருக்கணும்" என்று சிரித்தார். அவருக்கு மூச்சிரைப்பு. படியேற முடியாது.

அன்று பிற்பகல் மின்சாரம் போனது. மோட்டார் நின்றது. எதிர்ப்புறம் நாள் முழுக்கச் சுவரைக் குடைந்துகொண்டிருந்த இயந்திரமும் நின்றது. அப்படியொரு அமைதியை அந்தக் கட்டடத்தில் நான் கேட்டதே இல்லை. மைக்கை எடுத்துப்போய் லிஃப்ட்டின் கம்பிக் கதவருகே வைத்தேன். ஹெட்போனை மாட்டிப் பதிவைத் தொடங்கினேன். எங்கள் தொழிலில் பதிவு ஓடும்போது பேசக்கூடாது, அசையக்கூடாது. தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்போம். இருபது வருடப் பழக்கம்.

மூன்றாவது நிமிடம் தட்டும் சத்தம் கேட்டது. கீழே, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவிலிருந்து. இரும்பில் இரும்பு. கத்திரிக்கோலின் பிடி என்று உடனே தெரிந்துவிட்டது. மூன்று தட்டு, ஒரு இடைவெளி, பிறகு இரண்டு. என் கை தானாகவே ஒலி அளவைச் சரிசெய்தது.

ஒரு நிமிடம் பதிவெடுத்துக்கொண்டு மேலே போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அதற்குள் தாளம் வேகம் பிடித்தது, விட மனம் வரவில்லை. பிறகு மெதுவானது. மெதுவானபோது இன்னும் நன்றாக இருந்தது, இடைவெளிகளில் மூச்சு கேட்டது. இருபத்தாறாவது நிமிடம் நின்றுபோனது. அதிர்வு முழுக்க அடங்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஓடவிட்டேன். பிறகு மாடிக்குப் போய்ச் சக்கரத்தைச் சுற்றினேன். அவரை வெளியே தூக்கியது நான்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான். அவருக்கு மருந்து வாங்கப் போயிருந்த அக்கா திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கடைசி நேரத்துல நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே தம்பி." நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

மின்சாரத்தை நிறுத்தியது நானில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இயக்குநரம்மா அதை இரண்டு தடவை கேட்டார். "இப்ப ஆள் இருக்கு" என்றார். எங்கே எடுத்தாய் என்று கேட்கவே இல்லை.

படம் காட்டிய அன்று அக்காவையும் கூட்டிப்போனேன். கூப்பிடாமல் விட்டால் நன்றாக இருக்காது. கடைசிக் காட்சியில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"இது அவர்தானே? துணி வெட்டறதுக்கு முன்னாடி மேசையில இப்படித்தான் தட்டுவாரு. எப்ப எடுத்தீங்க?"

"அவர் வேலை செய்யும்போது, அக்கா."

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "முழுசா இருந்தா எனக்குக் குடுங்க தம்பி. அவரு குரல்னு எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. ஒரு வார்த்தை பேசியிருந்தாக்கூடப் போதும்."

பேசியிருக்கிறார். பதினெட்டாவது நிமிடம். படத்துக்காக அதை வெட்டிவிட்டு, வெட்டியது தெரியாமல் ஒட்டினேன். அக்கா இப்போது தங்கை வீட்டில் இருக்கிறார். வாரம் தவறாமல் போன் செய்து கேட்கிறார். தேடிக்கொண்டிருக்கிறேன் என்கிறேன். கொடுக்கவும் வழியில்லை, அழிக்கவும் கை வரவில்லை. எனக்கு வேறு போக்கிடம் தெரியாமல்தான் உங்களிடம் கொண்டுவந்தேன். அக்காவிடம் கொடுப்பதா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஹெட்போனில் கேளுங்கள், அப்போதுதான் புரியும். "தம்பி, உங்க கால் இங்கேர்ந்து தெரியுது. கொஞ்சம் மேல போய்ச் சுத்துங்களேன்" என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. மறுபடியும் ஒருமுறை, "தம்பி" என்று மட்டும்.

ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் என் குரலும் அதில் விழுந்திருக்கும். அப்புறம் அந்தப் பதிவு எதற்கும் ஆகாது.